பிறவியிலேயே ஒட்டிய எலும்பும் தேய்ந்த மணிக்கட்டும்: கொழும்பில் வாழும் ஒருவர் செய்ய வேண்டியவை

மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் மாதக்கணக்காக வலியிருந்து, கடைசியில் எடுத்த எக்ஸ்ரே அறிக்கையில் இரண்டு சிற்றெலும்புகள் பிறவியிலேயே இணைந்துள்ளன என்றும் அவற்றுக்கிடையில் மூட்டுத் தேய்வு காணப்படுகிறது என்றும் எழுதியிருப்பதை வாசித்துத் திகைத்து நிற்கும் ஒருவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எனக்கு அந்தத் திகைப்பு 41ஆவது வயதில் வந்தது. வெள்ளவத்தையில் 101ஆம் இலக்கப் பேருந்தில் ஏறும்போது கால் தவறிக் கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் வற்றிய பிறகும் வலி நின்றது. சுளுக்கு என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, பட்டி சுற்றிக்கொண்டு இரண்டு வருடங்களைக் கழித்தேன். மூன்றாவது வருடத்தில்தான் ஒரு நிபுணர் என் இரண்டு கைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த எலும்புகள் தாயின் வயிற்றிலேயே முழுமையாகப் பிரியவில்லை என்று விளக்கினார்.

அந்த இரண்டு வருடங்களும் மணிக்கட்டை எப்படிப் பாவிக்கக் கூடாதோ அப்படியே பாவித்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இதை வாசிப்பவருக்கு அந்தக் காலம் வீணாகக் கூடாது என்பதே என் விருப்பம்.

எலும்பில் என்ன நடந்திருக்கிறது

மணிக்கட்டில் இரண்டு வரிசைகளாக எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. கருவின் ஆரம்ப நாட்களில் இவை தனித்தனியாக இருப்பதில்லை. ஒரே குருத்தெலும்புத் திரளாக இருந்து, ஏறத்தாழ 4ஆம் கிழமைக்கும் 8ஆம் கிழமைக்கும் இடையில் நடுவே இடைவெளிகள் திறந்து, ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. எங்காவது அந்த இடைவெளி திறக்காமற் போனால், அவ்விடத்து எலும்புகள் ஒட்டியபடியே வளர்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையிலுள்ள பிறையெலும்பும் அதற்கடுத்துச் சுண்டுவிரல் பக்கமாக உள்ள முக்கோண எலும்பும் ஒட்டியிருப்பதே இவற்றில் மிகவும் பொதுவானது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. மேற்கு ஆபிரிக்க வழிவந்த மக்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது.

1952ஆம் ஆண்டில் மின்னார் என்பவர் இந்த ஒட்டுதலை நான்கு வகைகளாகப் பிரித்தார். முதல் வகையில் எலும்புகள் அரைகுறையாக, பொருந்தாமல் விட்ட முறிவொன்றைப் போலச் சேர்ந்திருக்கும். இரண்டாவதில் ஒரு பகுதி எலும்பாகவே இணைந்து, மறுபகுதியில் பிளவு தெரியும். மூன்றாவதில் முழுமையாக ஒன்றாகிவிடும். நான்காவதில் முழு இணைவோடு மணிக்கட்டின் வேறு குறைகளும் சேர்ந்திருக்கும். உங்கள் அறிக்கையில் எந்த வகை என்று குறிப்பிடப்படவில்லையானால், அதைத்தான் முதற் கேள்வியாகக் கேட்க வேண்டும். ஏனெனில் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, முழுமையாக ஒட்டிய எலும்பு பெரும்பாலும் வலிப்பதில்லை. அரைகுறையாக ஒட்டியதுதான் வலிக்கிறது. முழுமையாக ஒட்டியது ஒரே எலும்பாக அசைகிறது, அங்கே தேய்வதற்கு மூட்டே இல்லை. அரைகுறையாக ஒட்டிய இடத்திலோ, ஒழுங்கான மூட்டுக்குரிய தடிப்பில்லாத மெல்லிய குருத்தெலும்பும் நாரும் இருக்கின்றன. அது சிறிது அசைகிறது, அசையும்போதெல்லாம் உராய்கிறது. வருடங்கள் செல்ல இடைவெளி ஒடுங்கி, விளிம்புகள் இறுகி, எலும்புக்குள் சிறு நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன. அதுவரை அமைதியாக இருந்த அந்த நார் இணைப்பு ஒரு விழுகையில் கிழிந்தால், நாற்பது வருட அமைதி ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு நடந்தது அதுவே.

எலும்பு நீளமாக இருப்பதும் இதே வலியைத் தரலாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்புகள் வருகின்றன: பெருவிரல் பக்கம் ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் அரந்தி எலும்பு. இவை சமமாக முடியும் மணிக்கட்டில், கையின் சுமையில் ஏறத்தாழ 80 வீதத்தை ஆரையும் 20 வீதத்தை அரந்தியும் தாங்குகின்றன. பால்மரும் வேர்னரும் 1984இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, அரந்தி 2.5 மில்லிமீற்றர் நீண்டால் அதன் பங்கு 42 வீதமாக உயர்கிறது. அதே அளவு குறுகினால் 4 வீதத்துக்கு இறங்குகிறது. ஒரு அரிசி மணியின் அகலத்தில் சுமை இரட்டிப்பாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பிறையெலும்பின் குருத்தெலும்பு ஏன் அந்த முனையில் மோதித் தேய்கிறது என்பது விளங்கும்.

இனி, இந்த வழிகாட்டியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். படத்தில் ஒரு பிறவி மாற்றம் தெரிவது வேறு. அந்த மாற்றமே வலிக்குக் காரணம் என்பது வேறு. பிறையெலும்பில், இரண்டாவது வரிசையில் சுண்டுவிரல் பக்கமாக உள்ள கொக்கி எலும்பைத் தொடும் மேலதிகமான ஒரு முகம் இருப்பதை விகாஸ் என்ற ஆய்வாளர் 1990இல் விபரித்தபோது, அவர் பரிசோதித்த மணிக்கட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு அந்த அமைப்பையே கொண்டிருந்தன. அந்த முகம் உள்ளவற்றில் ஏறத்தாழ 44 வீதத்தில் கொக்கி எலும்பின் முனை தேய்ந்திருந்தது. ஆகவே அந்த அமைப்புக்கும் தேய்வுக்கும் தொடர்பு உண்மையானது. ஆயினும் பாதிக்கு மேற்பட்டவற்றில் தேய்வு இருக்கவில்லை. உங்கள் வலிக்கு வேறொரு காரணம் இருந்து, அறிக்கையிலுள்ள பிறவி மாற்றத்தின் மீது பழி விழுந்துவிட்டால், உரிய சிகிச்சை தவறிப்போகும்.

வலி எங்கிருந்து வருகிறது என்று நிறுவுதல்

இரண்டு கிழமைகளுக்கு ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் வலி எந்தப் புள்ளியில் இருக்கிறது, காலையில் எழும்பியதும் விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எந்த வேலைக்குப் பிறகு கூடுகிறது, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா என்ற நான்கும் போதும். தேய்வினால் வரும் விறைப்பு பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, இரண்டு மணிக்கட்டுகளிலும் விரல் மூட்டுகளிலும் வீக்கத்தோடு வந்தால், எலும்பில் என்ன மாற்றம் இருந்தாலும் சரி, முடக்குவாதம் இருக்கிறதா என்று முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முடக்குவாதத்துக்கான மருந்துகள் வேறு, அவற்றைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். இலங்கையில் 2006இலும் மீண்டும் 2025இலும் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் விட்டுப் பல மாதங்கள் சென்ற பின்னும் மணிக்கட்டில் வலியைத் தங்க வைக்கக் கூடியது. அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மணிக்கட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, அசைக்கவே முடியாத வலியோடு காய்ச்சலும் வந்தால், அது மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எக்ஸ்ரே எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முன்கையைத் திருப்புவதாலும் இறுக்கிப் பிடிப்பதாலும் அரந்தியின் நீளம் படத்தில் மாறித் தெரியும். அதனால் முழங்கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, 90 பாகையில் மடித்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து எடுத்த படத்திலேயே அந்த நீளத்தை அளக்க வேண்டும். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்து எடுக்கும் இன்னொரு படம், வேலை செய்யும்போது எலும்பு எவ்வளவு மோதுகிறது என்பதைக் காட்டும். வலியில்லாத மணிக்கட்டையும் சேர்த்து எடுக்குமாறு வைத்தியரிடம் கேளுங்கள். பிறவி மாற்றம் சிலருக்கு இரு கைகளிலும் இருக்கும், அப்படியானால் ஏன் ஒரு கை மட்டும் வலிக்கிறது என்ற பயனுள்ள கேள்வி எழும். முழுமையாக ஒட்டிய பிறையெலும்பு உள்ளவர்களில் சிலருக்கு, பெருவிரல் பக்கமாக உள்ள படகெலும்புக்கும் பிறையெலும்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இயல்பாகவே அகன்றிருக்கும். அதைத் தசைநார் கிழிவு என்று கருதிவிட இடமுண்டு.

எக்ஸ்ரேயில் தெளிவில்லாதபோது, ஒட்டிய இடம் எலும்பா நாரா என்பதைச் சி.டி. ஸ்கேனும், அந்த இடத்து எலும்பு மச்சையில் வீக்கம் இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.யும் காட்டும். எம்.ஆர்.ஐ.யில் அந்த வீக்கம் இருந்து, நீங்கள் விரலால் காட்டிய புள்ளியும் அதுவாகவே இருந்தால், காரணம் பெரும்பாலும் உறுதியாகிவிடும். எனக்கு இதற்கு மேல் ஒரு சிறு பரிசோதனையும் செய்யப்பட்டது: சந்தேகத்துக்குரிய மூட்டில் விறைப்பூசி மருந்து சிறிதளவு ஏற்றிய பின் சில மணித்தியாலங்கள் வலி முற்றாக நின்றது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு வலியில்லாமல் ஒரு கதவுக் குமிழைத் திருப்பிய அந்த மதியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கொழும்பில் யாரிடம் செல்வது

அரச வைத்தியசாலைகளில் இவை எல்லாம் இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைக்கோ சென்று, வெளிநோயாளர் பிரிவில் காட்டி, எலும்பியல் அல்லது வாதநோய் கிளினிக்குக்கு அனுப்புமாறு கேட்கலாம். ராகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்குமான தனி வைத்தியசாலை இருக்கிறது. தனியாரிடம் நிபுணரைச் சனல் பண்ணி ஒரு தடவை கருத்துக் கேட்டுவிட்டு, தொடர்ந்த சிகிச்சையை அரச கிளினிக்கில் பெறுவோரும் உண்டு. அது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும் வழி. எங்கே சென்றாலும் பழைய படங்களையும் அந்தக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள், "மெதன ரிதெனவா" என்று சொல்லி விரலால் புள்ளியைக் காட்டினால் முக்கியமான செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மற்றவற்றை மொழி தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

முறிவு நெரிவு வைத்தியர்களிடம் நம்மவர்களுக்கு நெடுநாள் நம்பிக்கை உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பிறவியில் ஒட்டிய எலும்பை இழுத்தோ திருகியோ பிரிக்க முடியாது. அப்படி இழுப்பது அரைகுறை இணைப்பை மேலும் கிழிக்கும். இழுவை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சுமையை மாற்றுதல்

இங்கேதான் நோயாளி தன் கையாலேயே செய்யக்கூடியது அதிகம் இருக்கிறது. எலும்பின் வடிவம் மாறாது. அதன் மீது ஏறும் சுமையும் அது ஏறும் கோணமும் மாறும். சுண்டுவிரல் பக்க மூட்டுக்கு மூன்று செயல்கள் பகை: உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இறுக்கிப் பிடித்தல், மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தல், பாரத்தோடு திருகுதல். மூன்றும் ஒன்றாக வரும் வேலைகளை நம் வீடுகளில் தேடிப் பார்த்தால், துணி பிழிவதும் தேங்காய் துருவுவதும் முன்னுக்கு வந்து நிற்கின்றன.

துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். வாளிக்குள் வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துவதும் வேண்டாம், ஏனெனில் அது மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்துச் சுமையேற்றும். முன்கையால் அழுத்தித் தண்ணீரை வடித்து, மீதியைக் கொடியில் சொட்ட விடுங்கள். தேங்காய்க்கு, மேசையில் பூட்டிக் கைபிடியைச் சுற்றும் துருவலை இருந்தால், வலிக்கும் கையைத் தேங்காயைத் தாங்குவதற்கும் நல்ல கையைச் சுற்றுவதற்கும் பாவியுங்கள்; தாங்கும் கைக்கும் வலி வந்தால் அந்த வேலையை வீட்டில் இன்னொருவரிடம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடியப்பத்துக்கு, இரு கைகளாலும் அழுத்திப் பிழியும் மர உரலில் இறுகிய மாவைப் போடாமல், கொதித்த தண்ணீர் சற்றுக் கூடுதலாக விட்டுத் தளர்வாகக் குழைத்தால் உரல் இலகுவாக இறங்கும். சோற்றுப் பானையை ஒரு கையால் காதைப் பிடித்துத் தூக்குவதை விட்டு, இரண்டு முன்கைகளையும் நெருக்கி, உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்கத் தூக்குங்கள். சந்தைப் பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பிலோ தோளிலோ மாட்டுங்கள். பேருந்தில் மேற்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலி வீதி முழுவதும் வருவது மணிக்கட்டுக்குப் பெரிய தண்டனை. இருக்கையின் பக்கக் கம்பியில் முன்கையைச் சுற்றிக்கொண்டு நிற்பது நல்லது.

தொழில் செய்பவர்களுக்கு இது கடினமானது என்று அறிவேன். செட்டியார் தெருவில் அரத்தோடும் சிறுவாளோடும் நாள் முழுவதும் இருக்கும் பொற்கொல்லர் ஒருவர் வேலையை விட முடியாது. ஆனால் கருவியின் பிடியில் இறப்பர்க் குழாயைச் சுற்றித் தடிப்பாக்கினால் பிடிக்கும் பலம் குறையும், பணிப்பலகையைச் சற்று உயர்த்தினால் மணிக்கட்டு நேராக நிற்கும். முச்சக்கரவண்டி ஓட்டுநருக்கு இடது கைப்பிடியைத் திருகி கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டில் முறுக்கு விழுகிறது. மணிக்கட்டை மட்டும் திருகாமல் முழங்கையையும் சேர்த்து முன்கையோடு திருப்பப் பழகினால் வித்தியாசம் தெரியும். கணினியில் வேலை செய்பவர் உள்ளங்கை பக்கவாட்டில் இருக்கும்படியான நிமிர்ந்த மவுஸ் ஒன்றை வாங்கினால், முன்கை கீழ்நோக்கித் திரும்பியே இருக்கும் நேரம் குறையும்.

மணிக்கட்டுப் பட்டியை, உள்ளே உலோகத் தகடுள்ளதாகவும் விரல்கள் தாராளமாக அசையக் கூடியதாகவும் பார்த்து வாங்குங்கள். வலி கூடிய காலத்தில் சில கிழமைகள் தொடர்ந்தும், பின்னர் கடினமான வேலையின்போது மட்டும் அணிவது வழக்கம். எப்போதும் கட்டிக்கொண்டேயிருந்தால் தசை மெலியும். நம்மூர் வெக்கையில் பட்டிக்குள் வியர்த்துத் தோல் புண்ணாகும். விரல் நுழைய வெட்டிய பழைய பருத்திக் காலுறையை உள்ளே அணிந்தால் அதைத் தவிர்க்கலாம். காலையில் விறைப்பாக இருக்கும்போது இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்திருங்கள். வேலைக்குப் பின் வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய பனிக்கட்டி வையுங்கள். இயன்மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை, செய்து முடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் வலி நிற்குமானால் மறுநாள் குறைத்துச் செய்யுங்கள்.

மருந்தில் ஒரு எச்சரிக்கை

முதலில் மூட்டின் மேல் பூசும் டைக்ளோபினாக் ஜெல்லை முயன்று பார்க்கலாம். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரையை வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. டைக்ளோபினாக், ஐபுபுறோபன் போன்ற மாத்திரைகள் வலியை நன்றாகக் குறைக்கும், ஆனால் குடற்புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடக் கூடாது. கொழும்பில் வாழும் எவருக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு: காய்ச்சல் வந்த உடனே இந்த மாத்திரைகளை நிறுத்துங்கள். அது டெங்குவாக இருந்தால், இவை இரத்தக் கசிவைத் தூண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் எதனால் என்று தெரியும் வரை பரசிட்டமோல் மட்டுமே.

மூட்டுக்குள் ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசி சில கிழமைகளோ மாதங்களோ ஆறுதல் தரும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி அளவு உயரும் என்பதால் அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

வளரும் பிள்ளைகள்

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள், பெரும்பாலும் பெண்பிள்ளைகளில், மணிக்கட்டின் புறத்தே அரந்தியின் தலை மேடாகத் துருத்தி, கை முன்னுக்குச் சரிந்தாற்போல் தோன்றினால், அது 1878இல் மாடெலுங் என்ற ஜேர்மானிய அறுவை மருத்துவர் விபரித்த பிறவி மாற்றமாக இருக்கலாம். ஆரையின் வளர்ச்சித் தட்டில் ஒரு பகுதி வளராமல் போவதால் இது வருகிறது. சிலருக்கு எஸ்.எச்.ஓ.எக்ஸ். என்ற மரபணுக் குறையோடும் குட்டையான உயரத்தோடும் சேர்ந்து வரும். தாயின் கையும் அப்படியே இருந்தது என்று வீட்டில் சொல்வார்கள். வளர்ச்சி முடிவதற்கு முன் காட்டினால் செய்யக்கூடியவை உண்டு. முடிந்த பின் தேய்வைச் சமாளிப்பதே மிஞ்சும். இந்த ஒரு விடயத்தில் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சை என்று வந்தால்

ஆறு மாதம் அளவில் பட்டி, மருந்து, வேலை மாற்றம் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையாதவர்களுக்கே இந்தப் பேச்சு வருகிறது. அரைகுறையாக ஒட்டிய எலும்புகளுக்கான சத்திரசிகிச்சை, அவற்றைப் பிரிப்பதன்று. எலும்புத் துண்டு வைத்து, திருகாணி போட்டு, இயற்கை பாதியில் விட்ட இணைப்பை முழுமையாக்குவதே. அந்த இரண்டு எலும்புகளுக்கிடையே அசைவு முன்பே குறைவாக இருந்ததால், இணைத்த பின் இழப்பதும் குறைவு. நீண்ட அரந்திக்கு, அதில் சில மில்லிமீற்றரை வெட்டிக் குறுக்கித் தகடு வைப்பார்கள். இரண்டிலும் எலும்பு பொருந்த வேண்டும், புகைத்தல் அதைக் கெடுக்கும்; புகைப்பவர் சில கிழமைகளுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

தேய்வு மணிக்கட்டு முழுவதும் பரவியவர்களுக்கு முழு மணிக்கட்டையும் அசையாமல் இணைக்கும் சிகிச்சை சொல்லப்படலாம். முன்கையைத் திருப்பும் அசைவு அதில் பெரும்பாலும் எஞ்சும், மணிக்கட்டை மடக்கும் அசைவு போய்விடும். வழமையாகக் கையைச் சற்றுப் பின்னுக்கு நிமிர்த்திய கோணத்திலேயே இணைப்பார்கள், பிடிக்கும் பலத்துக்கு அது உகந்தது. ஆனால் நாம் சோற்றைக் கையால் பிசைந்து உண்பவர்கள், மலங்கழித்தபின் கையால் கழுவுபவர்கள். இரண்டுக்கும் மணிக்கட்டு சற்று மடங்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின் அவதிப்படுவதை விட, எந்தக் கை, எந்தக் கோணம், அந்தக் கையால் நான் செய்பவை எவை என்று நிபுணரிடம் முன்கூட்டியே வாய்திறந்து பேசுங்கள். அதற்கு முன் ஒரு கிழமை, அதே கோணத்தில் தகடுள்ள பட்டியை இறுக்கக் கட்டிக்கொண்டு உண்டும் கழுவியும் பாருங்கள். அந்த ஒரு கிழமையில் முடியாமற் போனவற்றைக் கொப்பியில் எழுதி, சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன் நிபுணர் முன் வையுங்கள்.